மலை சிவப்பாகத் தெரியும் படம்

சிவகாசியில் நாலு கலர் ஆஃப்செட் அச்சு தெரிந்தவருக்குச் செயற்கைக்கோள் படத்தைப் புரியவைப்பது எளிது. ஒரு முருகன் காலண்டரை எடுத்துக்கொள்வோம். சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு பிளேட். ஒவ்வொன்றும் படத்தின் ஒரு பங்கை மட்டும் சுமக்கிறது. தனித்தனியே ஓட்டிப் பார்த்தால் எந்தத் தாளிலும் முருகன் முழுதாக இல்லை. நான்கும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் விழும்போதுதான் படம் உருவாகிறது. மயில் தோகையின் பச்சை, சியானும் மஞ்சளும் சேர்ந்து வருவது. சியான் போக வேண்டிய பிளேட்டுக்கு மெஜந்தா மையைக் கொடுத்துவிட்டால், மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து தோகை சிவந்துவிடும். அச்சகத்தில் அது தாள் நட்டம். காட்டைப் படிக்கிறவர்கள் இதே காரியத்தை வேண்டுமென்றே செய்கிறார்கள்.

சிவகாசிக்கு மேற்கே, ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலை எழுகிறது. அந்த மலையை ஐரோப்பியர்களின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து படம்பிடிக்கின்றன. ஒவ்வொரு படமும் 13 அலைவரிசைகளில், அதாவது 13 பிளேட்டுகளாக வருகிறது. அவற்றில் சில நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி, மற்றவை தெரியாதவை. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியின் பிளேட்டுக்குச் சிவப்பையும், சிவப்பு ஒளியின் பிளேட்டுக்குப் பச்சையையும், பச்சை ஒளியின் பிளேட்டுக்கு நீலத்தையும் கொடுத்துக் கணினியில் அடுக்கினால், மலை முழுவதும் ரத்தச் சிவப்பாகத் திரையில் விரிகிறது. முதன்முறை பார்ப்பவர்கள் காடு எரிகிறதோ என்று பதறிவிடுவார்கள். உண்மையில், எவ்வளவு சிவப்போ அவ்வளவு உயிர்ப்பான இலை.

காரணம் இலைக்குள் இருக்கிறது. பச்சையம் சூரிய ஒளியில் நீலத்தையும் சிவப்பையும் உணவு தயாரிக்க உறிஞ்சிக்கொள்கிறது. பச்சையில் கொஞ்சத்தைத் திருப்பி விடுகிறது. அண்மை அகச்சிவப்பு இலைக்குப் பயன்படாது. இலையின் உட்புறத்தில் செல்களும் காற்றிடைவெளிகளும் மாறிமாறி அமைந்திருப்பதால், அந்த ஒளி உள்ளே பட்டுத் தெறித்து ஏறக்குறையப் பாதி வெளியே வந்துவிடுகிறது. நம் கண் மட்டும் அகச்சிவப்பைக் காணும் கண்ணாக இருந்திருந்தால், காடு என்பதைப் பச்சையோடு சேர்த்து யாருமே பேசியிருக்க மாட்டோம்.

இந்தியாவில் தொலையுணர்வு இந்த அகச்சிவப்பில்தான் தொடங்கியது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. கேரளத்தில் தென்னைகளை வேர்வாடல் நோய் வாட்டிக்கொண்டிருந்தது. 1970-இல் பி. ஆர். பிஷாரடி தலைமையிலான குழு, அகச்சிவப்பு வண்ணப்படச் சுருளைக் கேமராவில் பொருத்தி, ஹெலிகாப்டரில் பறந்து தென்னந்தோப்புகளைப் படமெடுத்தது. நோயுற்ற மரங்களின் கொண்டைகள் படத்தில் தனியே தெரிந்தன. இந்தியாவுக்கென்று முழுநேரப் பயன்பாட்டுக்கான தொலையுணர்வுச் செயற்கைக்கோள் வந்தது அதற்குப் பிறகு 18 ஆண்டுகள் கழித்து, 1988 மார்ச்சில். இந்தியத் தொலையுணர்வின் முதல் பயனாளி தென்னைமரம்.

இன்று அதே தத்துவத்தை ஒரு எளிய கணக்காகச் செய்கிறார்கள். திரும்பி வரும் அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். செழித்த இலை அகச்சிவப்பில் 45 விழுக்காடும் சிவப்பில் 5 விழுக்காடும் திருப்பி அனுப்பினால் விடை 0.8. வாடிய இலை 30-உம் 20-உம் அனுப்பினால் 0.2. இதைத் தாவரக் குறியீடு என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பரப்பு 1,016.57 சதுர கிலோமீட்டர். சென்டினல்-2 படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஆக, காப்பகம் முழுவதற்கும் ஒரு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள். இணையாகச் சுற்றும் இரண்டு செயற்கைக்கோள்களும் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை அந்த ஒரு கோடிப் புள்ளிக்கும் கணக்குக்கான தரவைத் தருகின்றன, காசு வாங்காமல்.

ஆனால் இந்தக் கணக்கு சொல்வது எவ்வளவு பச்சை என்பதை மட்டும். எது பச்சை என்பதை அது சொல்லாது. காட்டின் பல்லுயிர் வளம் முழுவதும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க சீமைக் கருவேலம் ஒன்றே போதும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த மரம். கரிசல் காட்டில், கண்மாய்க்குள், தரிசில், ரயில் பாதை ஓரத்தில் என்று எங்கும் நிற்கிறது. சாத்தூர், திருச்சுழி பக்கம் இதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைக்கிற குடும்பங்கள் உண்டு. ஆகவே அதை வெறும் வில்லனாக்கிப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் படத்தில் அது செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஊரே காய்ந்து கிடக்கும்போது, வேர் ஆழம் போன இந்த மரம் மட்டும் பச்சையாக நிற்கும். தாவரக் குறியீட்டை மட்டும் பார்க்கிறவர், அந்தக் கண்மாய்க்குள் நல்ல தோப்பு ஒன்று இருப்பதாக நினைத்துக்கொள்வார்.

இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 1987 முதல் நாட்டின் வனநிலை அறிக்கையை வெளியிட்டு வருகிறது. அதன் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரத்தலைகள் 10 விழுக்காட்டுக்கு மேல் மூடியிருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் என்ன மரம் என்ற கேள்விகள் அதில் இல்லை. இந்த வரையறைக்குள் மாந்தோப்பும் வரும். தீக்குச்சிக்காக வளர்க்கும் மட்டி மரத் தோட்டமும் வரும். அடர்ந்து நிற்கும் சீமைக் கருவேலமும் வர முடியும். நாடு முழுவதையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டிய நிறுவனத்துக்கு இப்படி ஒரு வரையறை தேவைப்படுவது புரிகிறது. அந்த எண் கூடியதும் காடு வளர்ந்துவிட்டது என்று மேடையில் பேசுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இதற்குக் கசப்பான சாட்சி பழனி மலையில் இருக்கிறது. அங்கே மலையுச்சிகளில் இயற்கையாக அமைந்தவை சோலைகளும் அவற்றைச் சுற்றிய புல்வெளிகளும். புல்வெளியைத் தரிசு என்று கருதிய காலத்தில் சீகை, பைன், தைலமரம் என்று வெளிநாட்டு மரங்களை நட்டார்கள். அவை தாமாகவும் பரவின. அரசுமணி, ராபின் ஆகியோர் அடங்கிய ஆய்வுக்குழு 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வரிசையாக ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. தாவரக் குறியீட்டைக் கேட்டால் மலை முன்னைவிடப் பசுமையானது என்றே சொல்லியிருக்கும். நீலகிரி நெட்டைக்காலி என்ற சின்னஞ்சிறு பறவைக்குப் புல்வெளிதான் வீடு. சீகை மரத்தில் அதற்கு வேலை இல்லை. வரையாட்டுக்கும் அப்படித்தான். அது ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளிலும் பாறைச்சரிவுப் புல்லை நம்பி வாழ்கிறது.

எந்தப் பச்சை எது என்று பிரித்தறிய வானத்திலிருந்து ஒரு வழி இருக்கிறது. அதுவும் சிவகாசிக்காரர்களுக்குப் பழக்கமானதே: நாட்காட்டி. ஒற்றைப் படத்தை விட்டுவிட்டு, ஒரு புள்ளியின் ஆண்டு முழுவதுமான படங்களை வரிசையாகக் கோத்துப் பார்க்க வேண்டும். மலைச்சரிவில் இலையுதிர்க்கும் மரங்கள் மாசி, பங்குனியில் மொட்டையாகி மழைக்குப் பின் தளிர்க்கும். புல் மழை முடிந்த சில வாரங்களில் பழுத்துவிடும். மானாவாரிச் சோளம் புரட்டாசி, ஐப்பசியில் கிளம்பித் தை, மாசியில் அறுவடையாகும். சீமைக் கருவேலம் எல்லாரும் காய்ந்தபின்னும் பச்சை. ஒவ்வொன்றும் தன் தாளைத் தனக்கான நாளில் கிழிக்கிறது. கோடையில் எடுத்த படத்தையும் கார்த்திகையில் எடுத்த படத்தையும் அருகருகே வைத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி, இந்த மலையின் பெயர்பெற்ற குடிமகனிடம் வருகிறேன். சாம்பல் நிற அணில். இந்தியாவின் தென்பகுதியிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பெரிய மலை அணில் இது. அதற்காகவே 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைந்தது. 2021 பிப்ரவரியில் இந்தச் சரணாலயத்தையும் மேகமலை வன உயிரினச் சரணாலயத்தையும் இணைத்து நாட்டின் 51-ஆவது புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். பெயரைப் புலி எடுத்துக்கொண்டது. எனக்கு என்னவோ இன்னும் அது அணில் மலைதான்.

வாலோடு சேர்த்து அளந்தாலும் இந்த அணில் ஒரு மீட்டரை எட்டாது. பத்து மீட்டர்ப் புள்ளியில் அதைத் தேடுவது வீண். தேட வேண்டியது அதன் பாதையை. சாம்பல் நிற அணில் தரைக்கு இறங்குவது அரிது. கிளையிலிருந்து கிளைக்குத் தாவியே உணவு தேடும்; துரத்தினால் அப்படியே தப்பும். கூடு கட்டுவதும், பக்கத்து மரங்களின் கிளைகள் தொட்டுக்கொண்டிருக்கும் மரத்தில்தான். ஒரே அணில் பல கூடுகள் வைத்திருக்கும். ஓடைக்கரைகளிலும் அடிவாரத் தோப்புகளிலும் நிற்கும் புளி, மா, நாவல், மருது, அத்தி போன்ற மரங்களின் தொடர்தான் அதன் சாலை. இடையில் ஒரு பெரிய புளியமரம் சாய்ந்தால் சாலை அறுந்தது. சரிவு முழுவதும் ஆயிரம் புதிய கன்றுகளை நட்டாலும் அந்த அறுபட்ட இடத்தை உடனே ஒட்டவைக்க முடியாது.

மார்ச் மாதத்துச் செயற்கைக்கோள் படம் இங்கேதான் உதவுகிறது. சுற்றிலும் உள்ள வறண்ட சரிவுகள் இலையுதிர்த்து வெளிறிக் கிடக்க, ஓடைகளை ஒட்டிய மரவரிசைகள் மட்டும் ஈரத்தில் பசுமையாக நிற்கும். நாம் மை மாற்றிய படத்தில் அவை மலையிலிருந்து இறங்கும் சிவப்பு நூல்களாகத் தெரியும். இன்னொரு வசதியும் இருக்கிறது. இந்தச் செயற்கைக்கோள்கள் எப்போதும் காலை பத்தரை மணி வாக்கில் கடக்கும்படி சுற்றுப்பாதை அமைத்திருக்கிறார்கள். அப்போது வெயில் கிழக்கிலிருந்து விழுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் பார்த்த கிழக்குச் சரிவுகள் நன்றாக வெளிச்சத்தில் இருக்கும். எதிர்ப்பக்கத்துச் செங்குத்துச் சரிவுகளுக்குத்தான் நிழல் தொல்லை.

நூல் தெரிகிறது, கிளைகள் உண்மையிலேயே தொட்டுக்கொள்கின்றனவா என்பது தெரியவில்லை. அதற்கு உயரமும் அடுக்கும் தெரிய வேண்டும். லேசர் துடிப்புகளை அனுப்பி, அவை மரத்தலையில் பட்டு, நடுக்கிளையில் பட்டு, தரையில் பட்டுத் திரும்பும் நேர வேறுபாட்டை அளக்கும் முறைக்கு லைடார் என்று பெயர். 2018 டிசம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட ஜெடி என்ற கருவி, ஏறத்தாழ 25 மீட்டர் விட்டமுள்ள வட்டங்களில் இப்படிக் காடுகளின் அடுக்குகளை அளந்திருக்கிறது. காட்டின் பரப்பளவை மட்டும் எண்ணிவந்த நமக்கு அதன் மாடிகளை எண்ண இது கற்றுத்தந்தது. மாடிகள் கூடினால் குடியிருப்போர் கூடுவர். மேல்தட்டில் அணில், நடுத்தட்டில் கொடியும் தவளையும், தரையில் சருகுக்குள் ஆயிரம் பூச்சிகள். தென்மேற்குப் பருவ காலத்தில் மேகம் மூடிக்கொள்ளும்போது ஒளியைக் கொண்டு எடுக்கும் படங்கள் வெறும் பஞ்சாகிவிடும். அந்த மாதங்களுக்கு ரேடார் இருக்கிறது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கி 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார், 12 நாளுக்கு ஒருமுறை மேகத்தையும் இலையையும் ஊடுருவிக் கிளைகளையும் தண்டுகளையும் தொட்டு வரும் நீண்ட அலைகளைப் பயன்படுத்துகிறது.

தீயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், அதைக் கண்டறிவது நன்றாக நடக்கும் பணி என்பதால். எரியும் இடம் நடு அகச்சிவப்பில் பளிச்சென்று ஒளிர்வதால், 375 மீட்டர்ப் புள்ளி உள்ள கருவிகூட அதைவிட மிகச் சிறிய தீயைக் கண்டுவிடும். வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் இத்தகைய தகவலை மாநில வனத்துறைகளுக்கு அனுப்பி வருகிறது. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோரைக் காட்டுத்தீ பலிகொண்டதை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல்லுயிர்க் கணக்கில் தீ வேறொரு வகையிலும் முக்கியம். ஒரே சரிவு ஆண்டுதோறும் எரிந்தால் இளங்கன்று ஒன்றும் மரமாக முடியாது. மெல்ல மெல்ல உயரமான புல்லும் உண்ணிச்செடியும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பழைய படங்களை அடுக்கி, எந்தச் சரிவு எத்தனை முறை எரிந்தது என்று எண்ணினால், தீத்தடுப்புக் கோடு எங்கே தேவை என்பதும் தெரிந்துவிடும்.

மரங்களின் இனத்தையே வானத்திலிருந்து சொல்ல முடியுமா என்ற கேள்விக்குச் சிவகாசியின் இன்னொரு தொழில் பாதி விடையை வைத்திருக்கிறது. வாணத்தில் சிவப்பு வேண்டுமானால் ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம், மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குத் தாமிரம். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடைசெய்தபோது பச்சைக்கு வந்த தட்டுப்பாடு, இந்த வேதியியலை ஊருக்கே மீண்டும் பாடமாக நடத்தியது. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளியைத்தான் வெளியிடும். அதன் ஒளிநிறமாலையே அதன் கைரேகை. இலை எரிந்து ஒளிர்வதில்லை, விழுந்த ஒளியைத் திருப்பித்தான் அனுப்புகிறது. ஆனாலும் அந்த ஒளியிலும் இலையின் நீர், பச்சையம், நைட்ரஜன், மெழுகுப்பூச்சு ஆகியவற்றின் தடம் இருக்கிறது. 13 பிளேட்டுகளால் அதைப் பிடிக்க முடியாது. சில நூறு வேண்டும். 2015 – 16-இல் இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து விமானத்தில் ஏவிரிஸ்-என்ஜி என்ற கருவியை ஏற்றி இந்தியாவின் பல இடங்களை 400-க்கு மேற்பட்ட அலைவரிசைகளில் படமெடுத்தன. முதுமலைக் காடும் அவற்றில் ஒன்று.

தனிமத்தின் கைரேகைபோல் இலையின் கைரேகை அவ்வளவு உறுதியானதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே மருதமரத்தின் தளிரும் முற்றிய இலையும் வேறுவேறு ஒளி தரும். நோயும் நீர்ப்பஞ்சமும் அதை மாற்றும். அதனால் பலர் இனப்பெயரைத் தேடுவதை விட்டு, வேறொரு கேள்வி கேட்கிறார்கள்: பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன? தைலமரத் தோட்டத்தில் நூறு புள்ளியும் ஒரே குரலில் பேசும். பலவகை மரங்கள் கலந்த காட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குரல். ஒளியின் இந்தப் பன்மையை உயிரினப் பன்மைக்கு அடையாளமாகக் கொள்ளலாம் என்பது ஒரு கருதுகோள். சில காடுகளில் நன்றாகப் பொருந்துகிறது. வேறு சிலவற்றில் ஏமாற்றுகிறது. மரம் வெட்டிக் குலைந்த இடத்தில் பாறை, மண், புல், அடிக்கட்டை எல்லாம் கலந்து தெரிந்து, அதுவும் பன்மைபோலத் தோன்றிவிடும்.

ஏமாற்றுகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, நடந்துபோய்ப் பார்ப்பது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஹரிணி நாகேந்திராவும் மாதவ் காட்கிலும் 1990களில் செயற்கைக்கோள் படங்களையும் கள ஆய்வையும் இணைத்துப் பல்லுயிர் வளத்தை மதிப்பிடும் முறையை வகுத்தபோது இதைத்தான் செய்தார்கள். பின்னர் பி. எஸ். ராய் தலைமையில் விண்வெளித் துறையும் உயிரித்தொழில்நுட்பத் துறையும் இணைந்து நடத்திய நாடளாவிய திட்டம், 2015-இல் இந்தியாவின் தாவரங்களை 100 வகையாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தைத் தந்தது. இந்தியச் செயற்கைக்கோள்களின் படங்களே அதற்கு அடிப்படை. ஆனால் அதன் முதுகெலும்பு 15,000-க்கு மேற்பட்ட களப்புள்ளிகள். ஒவ்வொன்றிலும் யாரோ நின்று, கயிறு பிடித்து அளந்து, மரத்தின் சுற்றளவைக் குறித்து, இலையைப் பறித்துப் பெயர் எழுதியிருக்கிறார்கள். அந்த இடங்களிலெல்லாம் வியர்த்தவர்களின் பெயர்களை எங்காவது ஒரு கல்லில் பொறிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் அந்தப் பெயர் எழுதும் வேலைக்குத் தகுதியானவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். செண்பகத்தோப்பு, ராஜபாளையம் மலையடிவாரங்களில் வாழும் பளியர்கள். தேனும் கிழங்கும் தேடி நடக்கிறவர்களுக்கு எந்த ஓடையில் எந்த மரம், எது எப்போது பூக்கும், எந்தப் பாறைக்கு எப்போது தேனீ வரும் என்பது தினசரி அறிவு. படத்தில் ஒரு புள்ளி ஏன் திடீரென்று மாறியது என்று ஆய்வாளர் கணினியில் ஒரு வாரம் குழம்பும் கேள்விக்கு, கூட நடந்து வரும் பளியர் ஒருவர் நின்ற இடத்திலேயே விடை சொல்லிவிடக்கூடும். அவர்களை வழிகாட்டிக் கூலியாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், ஆய்வில் பெயரோடு பங்காளியாக்குவது நியாயம். அறிவியலுக்கும் அதுதான் லாபம்.

அச்சகத்து விஷயம் ஒன்று மீதி இருக்கிறது. பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தால் முருகனின் வேல் இரண்டாகத் தெரியும். ரெஜிஸ்டர் மாறிவிட்டது என்பார்கள். இருபது ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு செயற்கைக்கோள் படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைக்கும்போதும் அதே ஆபத்து. ஒரு புள்ளி நகர்ந்தாலும் காட்டின் விளிம்பு முழுவதும் காடு அழிந்ததாகவும், எதிர்விளிம்பு முழுவதும் காடு முளைத்ததாகவும் காட்டும். அதிலும் ஓடைக்கரை மரவரிசை பல இடங்களில் இரண்டு, மூன்று புள்ளி அகலமே இருக்கும். ஒரு புள்ளி பிசகினால் அணிலின் சாலையே மறைந்துவிடும். அதனால் பாலம், கோயில், அணைக்கரை என்று இடம் மாறாத அடையாளங்களைப் பிடித்துப் படங்களைப் பொருத்துகிறார்கள். பிளவக்கல் அணைகளின் கரைகள் அதற்குக் கச்சிதமான அடையாளங்கள்.

அப்படிப் பொருத்திய பிறகு, மார்ச் மாதத்துப் படங்களில் சிவப்பு நூல் ஒன்றை மலையிலிருந்து அடிவாரத்துக்கு விரலால் தொடர்ந்து வரலாம். எங்காவது, முந்தைய ஆண்டுப் படத்தில் இல்லாத ஒரு வெளிறிய புள்ளி குறுக்கிடும். அதன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கைபேசியில் ஏற்றிக்கொண்டு விடியலில் கிளம்ப வேண்டும். அங்கே போனால் ஒரு புது மண்பாதை இருக்கலாம், காற்றில் சாய்ந்த புளியமரம் இருக்கலாம், மாவை எடுத்துவிட்டுத் தென்னை வைத்த தோப்பாக இருக்கலாம். எதுவானாலும், அந்த இடைவெளியின் இரண்டு பக்கத்து மரங்களின் கீழும் நின்று, கிளையில் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும்.